உறியில் தொங்கிய வெண்ணெய்



காலையில் அவசரமாகக் கல்லூரிக்குப் புறப்படும்போது குளிர்பதனப் பெட்டியைத் திறந்து வெண்ணெயை எடுக்கிறீர்கள். அது கல்லாக இறுகிக் கிடக்கிறது. ரொட்டியின்மேல் தடவினால் ரொட்டிதான் கிழிகிறது. சரி, வெளியிலேயே இருக்கட்டும் என்று மேசைமேல் விட்டால், மாலைக்குள் உருகி வழிகிறது. இரண்டொரு நாளில் காறல் வாடை வீசுகிறது. மென்மையும் வேண்டும், புதுமணமும் கெடலாகாது. இஃது எவ்வாறு இயலும்? இந்தக் கேள்விக்கு எங்கள் வீட்டு உறியில் ஒரு விடை தொங்கிக்கொண்டிருந்தது. அதை நான் கற்றுக்கொண்டது ஒரு தவறு செய்த பிறகே.

முதலில் வெண்ணெய் என்பது யாது என்று பார்ப்போம். எள்ளின் நெய் எண்ணெய் ஆனது போல, வெண்மையான நெய் வெண்ணெய் ஆயிற்று. ஆயினும் அது முழுவதும் நெய்யன்று. கடையில் விற்கும் வெண்ணெயில் நூற்றுக்கு 80 பங்கு கொழுப்பும், ஏறத்தாழ 16 பங்கு நீரும் உண்டு. பாலில் நீருக்குள்ளே கொழுப்புத் துளிகள் மிதக்கின்றன. மத்தால் கடைந்ததும் நிலைமை தலைகீழாகி, கொழுப்புக்குள்ளே நுண்ணிய நீர்த்துளிகள் சிறைப்படுகின்றன. அந்தக் கொழுப்பும் ஒரே வகையானதன்று. சில வகைகள் எளிதில் உறையும். சில நீர்மமாகவே நிற்கும். குளிர்பதனப் பெட்டியின் 4 டிகிரி செல்சியஸில் பெரும்பகுதி உறைந்து படிகமாகிவிடுவதால் வெண்ணெய் இறுகுகிறது. 20 டிகிரியை ஒட்டி இரண்டும் கலந்து நிற்பதால் இதமாகக் குழைகிறது. 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடுகிறது. நம் கோடையோ அதையும் தாண்டுவது!

இனி வெண்ணெயின் பகைவர்களைக் காண்போம். முதற்பகை, உள்ளே தங்கிய மோர். அதிலுள்ள சர்க்கரையும் புரதமும் நுண்ணுயிர்களுக்கு நல்ல உணவு. அவை சுரக்கும் நொதிகள் நீரின் துணைகொண்டு கொழுப்பைப் பிளக்கின்றன. அப்போது வெளிப்படுவதுதான் பியூட்ரிக் அமிலம்; காறல் வாடைக்கு முக்கியக் காரணம் அதுவே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு வேதியியலறிஞர் செவ்ரூல் கொழுப்புகளை ஆராய்ந்து இதனைக் கண்டறிந்தார். வெண்ணெயைக் குறிக்கும் பழைய கிரேக்கச் சொல்லிலிருந்தே அதன் பெயர் பிறந்தது. இரண்டாம் பகை, காற்றிலுள்ள பிராணவாயு. அது கொழுப்போடு கூடிச் சிக்கு வாடையை உண்டாக்குகிறது. வெளிச்சமும், செம்பு போன்ற உலோகமும் அதற்குத் துணைநின்று வேலையை விரைவுபடுத்துகின்றன.

இவற்றுள் ஒன்றையும் அறியாத பத்து வயதில், எங்கள் வீட்டு வெண்ணெய் என் பொறுப்பில் வந்து சேர்ந்தது. எங்களுக்கு ஓர் எருமை இருந்தது. பாட்டி நாள்தோறும் தயிர் கடைந்து, திரண்ட வெண்ணெயைப் பலமுறை நீர்விட்டுக் கழுவி, மண்சட்டியில் தண்ணீருக்குள் அமிழ்த்தி உறியில் வைப்பார். ஒரு வாரம் சேர்ந்ததும் உருக்கி, கடைத்தெருவில் நெய்யாகக் கொடுப்பார். அந்த வைகாசி மாதத்து நெய்க்காசு என் பள்ளிப் புத்தகங்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது.

அவ்வமயம் ஒரு கல்யாணத்தின் பொருட்டுப் பாட்டி நான்கு நாள் வெளியூர் போகவேண்டி வந்தது. “காலையும் மாலையும் தண்ணீரை மாற்று, ராசா” என்று சொல்லிச் சென்றார். நானும் தவறாமல் உறியை இறக்கினேன். வெயிலில் சட்டியின் நீர் குறைந்திருக்கும். குறைந்த அளவுக்குப் புதுநீர் ஊற்றி நிரப்பினேன். பழைய நீரைக் கொட்டவில்லை. கடமையைச் செவ்வனே ஆற்றிவிட்டதாகவே எண்ணியிருந்தேன்.

பாட்டி வந்து சட்டியைத் திறந்ததும் முகம் மாறிற்று. எனினும் ஒரு நம்பிக்கையில் உருக்கிப் பார்த்தார். கடைக்காரர் நெய்யை முகர்ந்துவிட்டு, ஒன்றும் பேசாமல் செம்பைத் திருப்பித் தந்தார். திரும்பி வரும் வழியில் பாட்டி சொன்னது ஒன்றுதான்: “மாற்றச் சொன்னேன் அப்பா, ஊற்றச் சொல்லவில்லை.” அவ்வாண்டு அரைப்பரீட்சை வரையில் அடுத்த வீட்டுப் பையனின் புத்தகங்களை இரவில் இரவல் வாங்கித்தான் படித்தேன்.

மாற்றுவதற்கும் ஊற்றுவதற்கும் உள்ள வேறுபாட்டைப் பிற்காலத்தில் வேதியியல் வகுப்பில்தான் முழுவதும் உணர்ந்தேன். வெண்ணெயைச் சூழ்ந்த நீர் காற்றைத் தடுக்கிறது. ஆனால் வெண்ணெயிலிருந்து கசியும் மோரும் அந்த நீரிலேயே தங்குகிறது. நீரைக் கொட்டாவிட்டால் நாம் நுண்ணுயிர்களுக்குக் குளம் வெட்டியவர்கள் ஆகிறோம். மண்சட்டி வேறோர் உதவியும் புரிகிறது. அதன் நுண்துளைகளில் கசியும் நீர் ஆவியாகும்போது, ஒவ்வொரு கிராமுக்கும் ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தை இழுத்துச் செல்கிறது. ஆகவே சட்டி குளிர்கிறது. வறண்ட காற்றுள்ள ஊர்களில் இது நன்கு பயன்படும். ஈரக்காற்று வீசும் கடற்கரை ஊர்களில் பயன் குறைவு.

பிரெஞ்சு நாட்டிலும் இதே கருத்தில் ஒரு பீங்கான் பாத்திரம் உண்டு. மூடியோடு இணைந்த கிண்ணத்தில் வெண்ணெயை அழுத்தி, நீருள்ள பாத்திரத்தில் கவிழ்த்து வைப்பார்கள். நீர் காற்றை அடைத்துவிடும். அங்கும் நீரை அடிக்கடி மாற்றியே தீரவேண்டும். நம் கோடையிலோ கிண்ணத்து வெண்ணெய் நழுவி நீரில் விழுந்துவிடும்.

உப்பின் உதவியும் சிறிதன்று. நூறு கிராம் வெண்ணெயில் 2 கிராம் உப்பு என்றால் மிகக் குறைவாகத் தோன்றும். ஆனால் உப்பு கொழுப்பில் கரையாது. அந்த 16 கிராம் நீரில் மட்டுமே கரைகிறது. எனவே நீர்த்துளிகளில் அது நூற்றுக்கு 11 பங்காகச் செறிந்து, நுண்ணுயிர்களை வளரவொட்டாமல் தடுக்கிறது.

ஆகவே நீங்கள் செய்யவேண்டியது இது. வீட்டில் கடைந்த வெண்ணெயானால் கழுவும் நீர் தெளியும்வரை கழுவுங்கள். ஒரு நாளைக்குத் தேவையானதை மட்டும் வெளியே வையுங்கள். பீங்கான், கண்ணாடி அல்லது மண்பாத்திரத்தில் மூடி, அடுப்புக்கும் வெயிலுக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள். செம்பும் பித்தளையும் வேண்டா. நீரில் வைத்தால் நாளைக்கு இருமுறை பழைய நீரைக் கொட்டுங்கள். கடுங்கோடையில் வெளியே வைக்கும் எண்ணத்தை விட்டு, உண்பதற்குச் சற்று முன்னர் குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்தாலே போதும். வாடை மாறினாலோ பூசணம் கண்டாலோ இரக்கமின்றி எறிந்துவிடுங்கள்.

அயர்லாந்து மக்கள் முற்காலத்தில் வெண்ணெயைச் சதுப்பு நிலத்தில் புதைத்தார்கள். குளிர்ச்சியும், காற்றின்மையும், புளித்த நீரும் சேர்ந்து அதைக் காத்தன. ஈராயிரம் ஆண்டு கடந்த கட்டிகள்கூட அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. வெப்ப நாட்டினராகிய நம் முன்னோர் கண்ட வழி வேறு. பகைக்கு இடம் தரும் நீரையே அவர்கள் துரத்திவிட்டார்கள். வெண்ணெய் உருகும்போது எழும் சடசடப்பு, நீர் வெளியேறும் ஓசை. அவ்வோசை அடங்கும் தருணத்தில் முருங்கைக்கீரையையோ கறிவேப்பிலையையோ போட்டு இறக்கினால் நெய் மாதக்கணக்கில் நிற்கும். அவ்விலைகளிலுள்ள பொருள்கள் பிராணவாயுவின் தாக்குதலையும் தணிக்கின்றன.

இன்று என் வீட்டிலும் குளிர்பதனப் பெட்டி இருக்கிறது. ஆயினும் ஒரு சிறு மண்சட்டியில் அன்றாடத்துக்குரிய வெண்ணெயை வைத்திருக்கிறேன். காலையில் முதல் வேலையாக அதன் நீரைக் கடைசிச் சொட்டுவரை கொட்டிய பின்னரே புதுநீர் ஊற்றுகிறேன்.