கம்ப்யூட்டர் எப்போது பையன்களின் பொம்மை ஆனது?

என் மகளுக்கு ஒன்பது வயது. ஸ்கூலில் கோடிங் கிளாஸ் ஆரம்பிக்கிறார்களாம், சேர்கிறாயா என்று கேட்டேன். “அதெல்லாம் அண்ணாவுக்குத்தான்பா வரும்” என்றாள். இருபது வருஷமாக கோட் எழுதிப் பிழைக்கிறவனுக்கு இது சுருக்கென்றது. அதில் கிளம்பிப் படித்ததுதான் இந்தக் குறிப்பு.

பொம்மைக்கும் ஆண் பெண் பேதத்துக்கும் என்ன சம்பந்தம் என்றால் எல்லோரும் பார்பியை இழுப்பார்கள். கணக்கு வகுப்பு கஷ்டம் என்று 1992ல் ஒரு பேசும் பார்பி சொல்லப்போய், எதிர்ப்பு கிளம்பி, மேட்டல் அந்த வசனத்தை எடுத்தது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படும் பொம்மை கம்ப்யூட்டர்தான்.

அமெரிக்காவில் 1984 வாக்கில் கம்ப்யூட்டர் சயன்ஸில் இளநிலைப் பட்டம் வாங்கியவர்களில் சுமார் 37% பெண்கள். அதுவரை ஏறிவந்த கோடு அப்புறம் சரிந்து, 2010 வாக்கில் 18% பக்கம் வந்துவிட்டது. அதே காலத்தில் மருத்துவமும் சட்டமும் படிக்கும் பெண்கள் கூடிக்கொண்டேதான் போனார்கள்.

நடுவில் என்ன ஆச்சு? 80களின் தொடக்கத்தில் பர்சனல் கம்ப்யூட்டர் வீட்டுக்குள் வந்தது. அன்றைக்கு அதை வைத்துக் குழந்தைகள் கேம் ஆடலாம், பேசிக்கில் சின்ன புரோகிராம் எழுதலாம். ஆக, விளையாட்டுச் சாமானாக விற்றார்கள், விளம்பரங்களில் பெரும்பாலும் பையன்கள். பொம்மை மட்டுமே காரணம் என்று சொல்லவில்லை. கூட்டம் தாங்காமல் பல கல்லூரிகள் 80களின் நடுவில் இந்தப் படிப்புக்குச் சேர்க்கையை இறுக்கின. ஆனால் அதுவும் ஏற்கெனவே தட்டிப் பழகியவனுக்குத்தானே சாதகம்!

ஜேன் மார்கோலிஸ், ஆலன் ஃபிஷர் இருவரும் 90களின் பிற்பகுதியில் கார்னகி மெலன் பல்கலைக்கழக மாணவர்கள் நூறு பேருக்கு மேல் பேட்டி எடுத்தார்கள். அதில் என்னை உலுக்கியது ஒரு சாதாரண விஷயம்: வீட்டுக் கம்ப்யூட்டர் பெரும்பாலும் மகனின் அறையில் இருந்திருக்கிறது. மகள், அப்பாவும் அண்ணனும் தட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள். முதல் வருஷ வகுப்பில் இந்தப் பையன்கள் பேசுவதைக் கேட்டு, தனக்கு இது வராது என்று அவளே முடிவு கட்டிவிடுகிறாள். பல வருஷ விளையாட்டைப் பிறவி மூளை என்று எடுத்துக்கொண்டதுதான் கோளாறு. முன்பழக்கத்தைப் பார்த்து இடம் கொடுப்பதை அங்கே குறைத்தார்கள், தொடக்க வகுப்பை அனுபவத்துக்கு ஏற்பப் பிரித்தார்கள். 1995ல் புதிதாகச் சேர்ந்தவர்களில் 7% இருந்த பெண்கள், 2000ல் 42%.

எங்கள் பி.இ. வகுப்பில் இந்தப் பிரச்சினையே இல்லை. நாங்கள் முற்போக்கு என்பதால் அல்ல, யார் வீட்டிலும் கம்ப்யூட்டர் இல்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏசி லேபுக்குள் போய், பையன்களும் பெண்களும் ஒரே நாளில்தான் மவுஸைத் தொட்டோம். கடைசிவரை முதல் ரேங்க் ஒரு பெண்தான்.

என் பழைய லேப்டாப்பை மகன் அறையில் வைத்தது யார்? நான்தான். அங்கேதான் பிளக் பாயின்ட் இருந்தது என்று அப்போது ஒரு காரணம் சொன்ன ஞாபகம். போன ஞாயிற்றுக்கிழமை அதை ஹாலுக்கு மாற்றினேன். மகள் இன்னும் பக்கத்தில் நின்றுதான் பார்க்கிறாள். மகன் என்னோடு பேசுவதில்லை.