கொசுவை அளக்கும் விளக்குப்பொறி

நெற்பயிரில் குருத்துப்பூச்சியும் பச்சைத் தத்துப்பூச்சியும் பெருகும் காலத்தை அறிய இரவில் விளக்குப்பொறி வைப்பது நம் குடியானவர்களுக்குப் புதிதன்று. கொசுவைக் கணக்கிடவும் அவ்வகைப் பொறியே உதவுகின்றது. ஸ்ரீபெரும்புதூர்த் தாலுகா வல்லம் வடகால் போன்ற கிராமங்களில் இது கவனிக்கத்தக்க விஷயமாகும். அங்கே தொழிற்பேட்டை எழுந்து, 2024 ஆகஸ்டில் 18,720 தொழிலாளர் தங்கத்தக்க விடுதியும் திறக்கப்பட்டது. வயலிற் பிறக்கும் கொசுவுக்கு எல்லைக்கல் ஏது?

அமெரிக்காவில் 1932-இல் பெரிய பொறியொன்றும், 1962-இல் எளிதில் தூக்கிச் செல்லத்தக்க சிறு பொறியும் ஏற்பட்டன. பின்னதில் ஒரு சிறு பல்பும், அதன் கீழே பாட்டரியால் சுழலும் விசிறியும், வலைப்பையும் உண்டு. வெளிச்சத்தை நாடி வரும் கொசுவை விசிறி உள்ளே இழுத்துவிடும். தரையினின்று சுமார் 5 அடி உயரத்தில் அந்தியில் தொங்கவிட்டு, விடிந்ததும் பையை அவிழ்த்துப் பெண் கொசுக்களை இனம் பிரித்து எண்ணுதல் வேண்டும்.

பௌர்ணமியை ஒட்டிய இரவுகளிலும், தெருவிளக்கு பிரகாசிக்கும் இடங்களிலும் கொசு குறைவாகவே விழும். அதனைக் கொண்டு கொசு ஒழிந்ததென்று எண்ணலாகாது. மாட்டுக்கொட்டகையில் வைத்த பொறியோ நிரம்பி வழியும். ஆகவே ஒரே இடத்தில், ஒரே விதமாக, வாரந்தோறும் வைத்தாலன்றிக் கணக்கு பிரயோஜனப்படாது. பொறியினால் கொசு ஒழியும் என்று கடைக்காரர் கூறுவதை நம்பவேண்டாம். மழைமானி மழையை நிறுத்துவதில்லை.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலிற் கடிப்பது. இப்பொறியில் அதிகம் அகப்படாது. அதற்குத் தொட்டி, டயர், கொட்டாங்கச்சி இவற்றைச் சோதிப்பதே வழி. நகரத்து மலேரியாக் கொசுவுக்கும் மாடித்தொட்டியையும் கிணற்றையும் பார்ப்பதே முக்கியம்.

நமக்கு அதிக சம்பந்தமுள்ளது, நெல்வயலில் வளர்ந்து மூளைக்காய்ச்சலைப் பரப்பும் கியூலெக்ஸ் இனமாகும். இந்தியாவில் மனிதரிடம் இந்நோய் முதலில் அறியப்பட்டது 1955-இல் நம் வேலூர்ப் பகுதியிலேயே. கொக்கு, மடையான் முதலிய நீர்ப்பறவைகளிலும் பன்றிகளிலும் கிருமி பெருகுகின்றது. பொறியில் இவ்வினம் வாரத்துக்கு வாரம் ஏறுமானால், கிராம அதிகாரி தாமதியாமல் சுகாதார நிலையத்துக்குத் தெரிவிக்கவேண்டும்.

குடியானவர் செய்யத்தக்கதும் உண்டு. முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரமாவது செல்லுமாதலால், நீரை ஓயாது தேக்காமல், மண் சற்றுக் காயும்படி வடித்துப் பின் பாய்ச்சினால் புழுக்கள் மடியும். வேப்பம்பிண்ணாக்கு கலந்த யூரியாவை இம்முறையோடு சேர்த்து மதுரை ஆராய்ச்சியாளர் சோதித்ததிற் புழு குறைந்தது, விளைச்சலுக்கும் குறைவில்லை. பூக்கும் தருணத்தில் மட்டும் வயலைக் காயவிடலாகாது.