பேகம்பேட் பிள்ளைகளுக்குச் சாரணர் பயிற்சி: ஞாயிறு காலையைத் தரப் பெரியவர்கள் தேவை

பாரத சாரண சாரணியர் இயக்கத்தின் முதலாவது தேசியப் பெருந்திரளணி, அதாவது ஜாம்போரி, 1953-ஆம் ஆண்டு இறுதியில் நடைபெற்ற இடம் ஐதராபாத். அதே இயக்கத்தின் வைரவிழாப் பெருந்திரளணி 2025-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் தேதி திருச்சி மாவட்டம் மணப்பாறையில் தொடங்கியது. நாட்டின் எல்லா மாநிலங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கான சிறுவர் சிறுமியர் அங்கே கூடாரமடித்துத் தங்கினார்கள். பிழைக்க வந்த ஊரும் பிறந்த மண்ணும் இப்படி இயக்கத்தின் சரித்திரத்தில் இடம் பெற்றிருக்க, பேகம்பேட்டிலும் செகந்திராபாத்திலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குச் சாரணர் என்றால் பள்ளி ஆண்டு விழாவில் அணிவகுத்து நிற்கும் சீருடைப் பிள்ளைகள் என்ற அளவில்தான் நினைவு இருக்கிறது.

"படிப்புக்கே நேரம் போதவில்லை, இதற்கு வேறு ஒரு சீருடையா?" என்று பெற்றோர் கேட்பது நியாயமான கேள்வியே. குமாஸ்தா சம்பளத்தில் வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் போக மிஞ்சுவது எவ்வளவு என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆகவே இந்த இயக்கம் பிள்ளைக்கு என்ன தருகிறது, குடும்பத்திடம் என்ன கேட்கிறது என்று கணக்குப் பார்ப்பது நல்லது.

இயக்கம் வந்த வழி

சாரணர் இயக்கத்தைத் தோற்றுவித்த பேடன் பவல் ஆங்கிலேய ராணுவ அதிகாரி. லக்னோவிலும் மீரத்திலும் பணிபுரிந்தவர். 1907-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இங்கிலாந்தில் பிரவுன்சி என்ற சிறு தீவில் சுமார் 20 சிறுவர்களை வைத்து அவர் ஒரு முகாம் நடத்தினார். அவர்களில் பாதிப் பேர் பெரிய இடத்துப் பிள்ளைகள். மீதிப் பேர் கூலி வேலை செய்வோரின் பிள்ளைகள். எல்லோரையும் கலந்து நான்கு அணிகளாகப் பிரித்தார். ஒரே கூடாரம், ஒரே சமையல். இயக்கத்தின் விதை அந்த முகாமில்தான் விழுந்தது.

இந்தியாவுக்கு அது 1909-இல் பெங்களூர் வழியாக வந்தது. ஆனால் அப்போது ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியச் சிறுவர்களுக்கு மட்டுமே அதில் இடம். இந்தியச் சிறுவர்களுக்குக் கதவு அடைக்கப்பட்டிருந்தது. அந்தக் கதவைத் திறக்கும் முயற்சியில் சென்னைக்குப் பெரும் பங்கு உண்டு. 1916-ஆம் ஆண்டு அன்னி பெசண்ட் அம்மையாரும் ஜி. எஸ். அருண்டேலும் சென்னையில் இந்தியச் சாரணர் சங்கத்தைத் தொடங்கினார்கள். தொப்பிக்குப் பதில் தலைப்பாகை. ஆங்கிலப் பாட்டுக்குப் பதில் இந்தியப் பாட்டு. வடக்கே மதன் மோகன் மாளவியா, ஹிருதயநாத் குன்ஸ்ரு, ஸ்ரீராம் பாஜ்பாய் ஆகியோர் சேவா சமிதி சாரணர் சங்கத்தை அமைத்தனர். 1921-இல் பேடன் பவல் இந்தியா வந்தபோது பெசண்ட் அம்மையாரின் சங்கம் தாய்ச் சங்கத்துடன் இணைந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகும் தனித்தனியே இயங்கி வந்த சங்கங்கள் 1950-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் தேதி ஒன்றாகி பாரத சாரண சாரணியர் இயக்கம் ஆயின. பெண்கள் பிரிவு 1951 ஆகஸ்டு 15-இல் சேர்ந்தது. ஐதராபாத் சமஸ்தானம் இந்திய யூனியனுடன் இணைந்தது 1948 செப்டம்பரில். அதற்கு ஐந்து ஆண்டுகளுக்குச் சற்று மேல் கழித்து, பல மொழி பேசும் பிள்ளைகள் ஒரே கொடியின் கீழ் இந்த நகரத்தில் கூடியதை அந்தக் காலச் சூழ்நிலையில் வைத்துப் பார்த்தால்தான் அதன் அருமை புரியும்.

ஆறு பேர், ஒரு தலைவன்

இயக்கத்தில் வயதுக்குத் தகுந்த பிரிவுகள் உண்டு. ஐந்து வயதைக் கடந்த சிறுவர் குருளையர், சிறுமியர் நீலப்பறவையர். 10 வயதுக்கு மேல் சாரணர், சாரணியர். அதற்கும் மேலே 25 வயது வரை திரிசாரணர், திரிசாரணியர்.

சாரணர் படையின் உயிர் நாடி 'அணி' என்பது. ஆறு முதல் எட்டுப் பிள்ளைகள் சேர்ந்தது ஓர் அணி. அவர்களில் ஒருவனே தலைவன். கயிற்றில் முடிச்சுப் போடுவது, கூடாரம் அடிப்பது, விறகு அடுப்பில் சோறு வடிப்பது, திசையறி கருவியையும் வரைபடத்தையும் கொண்டு வழி கண்டுபிடிப்பது, காயத்துக்குக் கட்டுப் போடுவது ஆகிய எல்லாவற்றையும் அணித் தலைவனே தன் அணிக்குச் சொல்லிக் கொடுக்கிறான். ஆசிரியர் பின்னால் நின்று கவனிப்பவர். 13 வயதுப் பையன் ஏழு பேருக்குப் பொறுப்பேற்று, சோறு குழைந்தால் தானே பதில் சொல்லும் நிலை வேறு எந்த வகுப்பிலும் வாய்ப்பதில்லை.

வெளிமாநிலத்தில் வளரும் பிள்ளைக்கு இதில் தனிப் பயன் ஒன்று இருக்கிறது. பேகம்பேட்டில் தெலுங்கு, உருது, இந்தி, தமிழ் எல்லாம் ஒரே தெருவில் ஒலிக்கின்றன. வீட்டுக்குள் தமிழ் பேசிவிட்டு வெளியே வரும் பிள்ளை பல சமயம் ஒதுங்கியே நிற்கிறது. அணியிலோ வேலையே முதல் மொழி. விசில் ஊதினால் கூட வேண்டும். தரையில் அம்புக்குறி இருந்தால் அந்த வழி. பெருக்கல் குறி இருந்தால் அந்த வழி கூடாது. வட்டத்துக்குள் ஒரு புள்ளி இருந்தால் "வீடு திரும்பிவிட்டேன்" என்று பொருள். கென்யாவில் நையேரி என்ற ஊரில் பேடன் பவலின் கல்லறை மீது பொறிக்கப்பட்டிருப்பதும் அந்த வட்டமும் புள்ளியும்தான். இந்தக் குறிகளைப் படிக்க எந்தத் தாய்மொழியும் தடையல்ல. இரண்டு முகாம்களில் பிள்ளை தெலுங்கைத் தானாகவே பிடித்துக்கொள்ளும்.

பேகம்பேட்டில் என்ன வேலை?

சேவை இல்லாத சாரணர் படை வெறும் அணிவகுப்புதான். பேகம்பேட்டில் சேவைக்குப் பஞ்சமில்லை.

1897-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் தேதி, சர் ரொனால்டு ராஸ் மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றில் கண்டுபிடித்தது இந்தப் பேகம்பேட்டில்தான். அவர் ஆராய்ச்சி நடத்திய கட்டடம் இன்றும் இருக்கிறது. உலகத்துக்கே கொசுவின் குற்றத்தைக் காட்டிக் கொடுத்த இடத்தில் இன்றும் மழைக்காலம் வந்தால் டெங்கு பயம். ஓர் அணியில் உள்ள எட்டுப் பிள்ளைகள் வாரம் ஒரு முறை தங்கள் தெருவில் பழைய டயர், உடைந்த தொட்டி, மூடாத டிரம் இவற்றில் தேங்கிய நீரைக் கொட்டிக் கவிழ்த்தாலே போதும். டெங்குக் கொசு முட்டையிலிருந்து வெளிவந்து பறக்க ஏறக்குறைய ஒரு வாரமோ பத்து நாளோ ஆகும். வாரம் தவறாமல் நீரைக் கொட்டினால் அது பறப்பதற்கு முன்பே அழியும்.

மற்றொன்று வெள்ளம். குகட்பள்ளி நாலா பேகம்பேட் வழியாகத்தான் உசேன் சாகருக்குப் போகிறது. 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டிலும் 2020 அக்டோபரிலும் பெய்த பெருமழையில் நகரம் பட்ட பாட்டைத் தாழ்வான பகுதிகளில் குடியிருப்போர் மறந்திருக்க மாட்டார்கள். வெள்ளத்தில் இறங்கி ஆளைக் காப்பாற்றுவது தீயணைப்புப் படையின் வேலை. பிள்ளைகளை அதற்கு அனுப்பக் கூடாது. ஆனால் இரண்டு கம்பு, இரண்டு சட்டை கொண்டு நோயாளியைத் தூக்கும் படுக்கை அமைக்கவும், ரத்தப்பெருக்கை அழுத்திப் பிடித்து நிறுத்தவும், தெருவில் தனியே இருக்கும் முதியோர் யார் யார் என்று முன்கூட்டியே பட்டியல் எழுதி வைக்கவும் சாரணனுக்குத் தெரியும். "தயாராக இரு" என்ற இயக்கத்தின் குறிக்கோளுக்குப் பேகம்பேட்டில் இதைவிட நேரான பொருள் கிடையாது.

ரயில்வே வேலைக்கு உதவுமா?

பெற்றோர் அதிகம் கேட்கும் கேள்வி இது. உதவும், ஆனால் நிபந்தனைகள் உண்டு.

1966 அக்டோபர் 2-ஆம் தேதி செகந்திராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தென்மத்திய ரயில்வே உருவானது. பாரத சாரண இயக்கத்தில் மாநிலங்களைப் போலவே ரயில்வே மண்டலங்களுக்கும் தனிச் சங்கங்கள் உண்டு. தென்மத்திய ரயில்வேக்கும் இருக்கிறது. ரயில்வே ஊழியர்களின் பிள்ளைகள் அதன் குழுக்களில் சேரலாம்.

ரயில்வே மண்டலங்கள் சாரணர் ஒதுக்கீட்டில் சில இடங்களுக்கு அவ்வப்போது விளம்பரம் செய்கின்றன. ராஷ்டிரபதி விருது பெற்ற சாரணராக, சாரணியராக, திரிசாரணராக அல்லது திரிசாரணியராக இருக்க வேண்டும். அல்லது சாரணர் ஆசிரியர்களுக்கான இமாலய உட்பேட்ஜ் தகுதி பெற்றிருக்க வேண்டும். கடைசி ஐந்து ஆண்டுகள் இயக்கத்தில் தொடர்ந்து செயல்பட்டிருக்க வேண்டும். தேசிய அளவில் அல்லது அகில இந்திய ரயில்வே அளவில் இரண்டு நிகழ்ச்சிகளிலும், மாநில அளவில் இரண்டு நிகழ்ச்சிகளிலும் பங்கு பெற்றிருக்க வேண்டும். கல்வித் தகுதி, வயது, எழுத்துத் தேர்வு இவை வேறு. இடங்களோ மண்டலத்துக்கு ஒரு சிலவே.

ஆகவே வேலையை மட்டும் நம்பிப் பிள்ளையைச் சேர்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். சேர்த்திருக்கும் பிள்ளைக்கு அந்த வாய்ப்பு கைநழுவாமல் பார்த்துக்கொள்வது வேறு விஷயம். பிரவேஷ், பிரதம சோபான், துவிதீய சோபான், திரிதீய சோபான், ராஜ்ய புரஸ்கார், ராஷ்டிரபதி என்று படிகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொரு படிக்கும் குறிப்பிட்ட மாதங்கள் உழைக்க வேண்டும். மூன்று, நான்கு ஆண்டுகள் பிடிக்கும். ஒன்பதாம் வகுப்பில் தொடங்குகிற பிள்ளைக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வு குறுக்கே வந்து நிற்கும். 10 அல்லது 11 வயதில் தொடங்குவதே புத்திசாலித்தனம்.

மாற்றலாகிப் போகும் குடும்பங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். படிகள் நாடு முழுவதும் ஒன்றே. பேகம்பேட்டில் இரண்டாம் படி முடித்த பிள்ளை மதுரையிலோ சென்னையிலோ மூன்றாம் படியைத் தொடரலாம். அதற்குச் சான்றிதழ்களும், ஆசிரியர் கையெழுத்திட்ட பதிவேடும் பத்திரமாக இருக்க வேண்டும். பணத்துக்குச் சான்றிதழ் வாங்கித் தருவதாகச் சொல்லும் எவரையும் நம்ப வேண்டாம்.

ஆள் வேண்டும்

இவ்வளவும் நடக்க ஒரு பெரியவர் வேண்டும். பள்ளியோடு சேராத திறந்த குழுவைக் குடியிருப்புப் பகுதியிலும் அமைக்கலாம். இடத்துக்கு ஒரு மைதானமோ மாடியோ போதும். கயிறும் கம்பும் கிடைக்காத பொருள்கள் அல்ல. வாரா வாரம் தவறாமல் வந்து நிற்கும் ஆள்தான் கிடைப்பதில்லை. சாரணர் ஆசிரியருக்குச் சம்பளம் கிடையாது. இரண்டு மாதம் உற்சாகமாக நடந்து, ஆசிரியருக்கு மாற்றல் வந்ததும் அணி கலைந்துவிடுவது எந்த ஊருக்கும் புதிதல்ல. அப்படிக் கலையும்போது பாதிப் படியில் நிற்கும் பிள்ளைகளின் உழைப்பு வீணாகிறது.

அலுவலகத்தில் கோப்பு எழுதுபவரும், பட்டறையில் பிட்டராக இருப்பவரும், ஓய்வு பெற்ற கார்டும் இதற்குத் தகுதியானவர்களே. முன் அனுபவம் கட்டாயமல்ல. அடிப்படைப் பயிற்சி, மேல்நிலைப் பயிற்சி என்று முகாம்களை இயக்கமே நடத்துகிறது. அதற்கு மேல் போக விரும்புவோர் மத்தியப் பிரதேசத்தில் பச்மடி தேசியப் பயிற்சி மையம் வரை செல்லலாம். சாரணியர் குழுவுக்குப் பெண்களே தலைமை ஏற்க வேண்டும் என்பதால் தாய்மார்களின் பங்கும் மிக அவசியம். ஒருவரே எல்லாச் சுமையையும் தூக்காமல் இருவர், மூவர் சேர்ந்து பொறுப்பேற்றால் ஒருவர் மாற்றலானாலும் படை நிற்காது.

பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோரும் கண்ணை மூடிக்கொண்டு ஒப்படைக்க வேண்டியதில்லை. குழு முறைப்படி பதிவு செய்யப்பட்டதா, ஆசிரியர் பயிற்சி பெற்றவரா, முகாமுக்கு எத்தனை பெரியவர்கள் உடன் வருகிறார்கள், பெண் பிள்ளைகளுடன் யார் தங்குகிறார்கள் என்பதை நேரில் கேட்டறிவது பெற்றோரின் உரிமை. நல்ல ஆசிரியர் இந்தக் கேள்விகளை வரவேற்பார்.

இந்த நகரத்தில் தமிழர்கள் இத்தகைய பொறுப்பை ஏற்பது புதிதல்ல. செகந்திராபாத் மகபூப் கல்லூரிக்கு 1862-இல் வித்திட்டவர் சோமசுந்தர முதலியார். எந்த மொழிப் பிள்ளைக்கு என்று பார்க்காமல் அவர் தொடங்கிய பள்ளி இன்றும் நிற்கிறது.

குழுவைப் பற்றி விசாரிக்க முதலில் பிள்ளை படிக்கும் பள்ளியையும், ரயில்வே ஊழியர்கள் தங்கள் கோட்டத்துச் சாரணர் பொறுப்பாளரையும் அணுகலாம். மாநிலச் சங்கத்தின் அலுவலகம் தோமல்குடாவில் உள்ளது. நவம்பர் 7 இயக்கத்தின் நிறுவன நாள். பிப்ரவரி 22 பேடன் பவல் பிறந்த நாள். இந்த நாள்களில் குழுக்கள் விழா எடுப்பதால் நேரில் சென்று பார்க்க நல்ல சமயம். பிள்ளையை அழைத்துச் செல்லும் தந்தை, வாரம் இரண்டு மணி நேரம் தன்னாலும் ஒதுக்க முடியுமா என்ற கேள்வியையும் உடன் எடுத்துச் செல்வாரானால், பேகம்பேட்டில் இன்னும் ஓர் அணிக்கு இடம் உண்டு.