மேடைக் காதல், திரைக் காதல் – 14: நிலாவிடம் ஒரு புகார்

போன வாரம் 'சபாபதி'யில் நிறுத்தினோம். பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகம், 1941-இல் படம், டி.ஆர். ராமச்சந்திரன், காளி என். ரத்னம். இதற்கு மேல் திரும்பச் சொல்ல இடமில்லை. தவறவிட்டவர்கள் பக்கத்து வீட்டில் பழைய இதழைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் விசுவின் 'மணல் கயிறு' என்று வாக்குக் கொடுத்திருந்தேன். 'மோடி மஸ்தான்' என்ற மேடை நாடகம் 1982-இல் எப்படிப் படமானது, கல்யாணத்துக்குக் கிட்டுமணி போட்ட எட்டு நிபந்தனைகளில் எது மேடையில் அதிகம் கைதட்டல் வாங்கியிருக்கும் என்றெல்லாம் குறிப்பு எடுத்தாயிற்று. புதன்கிழமை வரை ஒழுங்காகத்தான் போனது. புதன் ராத்திரி சக்கரபாணி குறுக்கே வந்துவிட்டார். வியாழன் முழுக்க அவரோடு போய்விட்டது. இன்று வெள்ளி. பதினொரு மணிக்குள் கட்டுரை கோலாலம்பூருக்குப் போய்ச் சேர வேண்டும். இப்போது மணி எட்டரை. சிகாமட்டில் காலையிலிருந்து மழை.

சக்கரபாணி என்றால் யார் என்று இளையவர்கள் கேட்கலாம். நாகிரெட்டி - சக்கரபாணி என்று விஜயா படங்களின் தொடக்கத்தில் வரும் இரட்டைப் பெயரில் இரண்டாமவர். சொந்தப் பெயர் ஆலூரி வெங்கட சுப்பாராவ். தெனாலிக்காரர். 1947-இல் இவரும் நாகிரெட்டியும் சேர்ந்து தொடங்கிய சிறுவர் இதழ்தான் தெலுங்கில் 'சந்தமாமா', தமிழில் நம் 'அம்புலிமாமா'. வேதாளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு விக்கிரமாதித்தன் நடந்துகொண்டே இருப்பாரே, அதே இதழ். நான் சிறுவனாக இருந்தபோது அது சிகாமட்டுக்கு ஒரு மாதம் பிந்தித்தான் வரும். அப்பா கூலி வாங்கிய அன்று டவுனுக்குப் போனால் ரொட்டியோடு அதையும் வாங்கி வருவார்.

இந்த மனிதருக்கு இளவயதில் காசநோய். மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் ஆரோக்கியவரம் சானடோரியத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். 1930-களில் காசத்துக்கு மருந்து ஏது? ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டதே 1943-இல்தான். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, படுக்கை, அவ்வளவுதான் வைத்தியம். மாதக்கணக்கில் சும்மா படுத்துக் கிடக்க வேண்டும். அங்கே கூட இருந்த ஒரு நோயாளி வங்காளி. அவரிடம் இவர் வங்காள மொழி கற்றுக்கொண்டார். படித்து, பேசி, கடைசியில் சரத்சந்திரரையே தெலுங்குக்குக் கொண்டுவரும் அளவுக்குத் தேறிவிட்டார்.

இதைப் படித்ததும் நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். வீட்டில், "என்னங்க, மறுபடியும் பூகம்பமா?" என்று கேட்டார்கள். (போன வருஷம் ஆகஸ்டில் சிகாமட் குலுங்கியதிலிருந்து எங்கள் வீட்டில் நாற்காலி நகர்ந்தாலே இந்தக் கேள்விதான்.)

எழுந்து நிற்கக் காரணம் இருக்கிறது. ரவீந்திரநாத் மைத்ரா என்று ஒரு வங்காள எழுத்தாளர். தாகூர் இல்லை, இவர் வேறு. 'மன்மயி கேர்ள்ஸ் ஸ்கூல்' என்று ஒரு நாடகம் எழுதினார். வேலை இல்லாத ஓர் ஆணும் பெண்ணும், பள்ளிக்கூட வேலை தம்பதிக்குத்தான் என்பதால், புருஷன் பெண்டாட்டி என்று பொய் சொல்லிச் சேர்கிறார்கள். 1935-இல் கானன் தேவி நடித்துக் கல்கத்தாவில் படமாகவும் வந்தது. அந்தக் கதை மதராசுக்கு வந்து, 1955 பொங்கலுக்குத் தெலுங்கில் 'மிஸ்ஸம்மா', தமிழில் 'மிஸ்ஸியம்மா' ஆனது. வங்காளக் கதையைக் கையில் எடுத்தவர் சக்கரபாணி. ஆரோக்கியவரத்தில் பக்கத்துப் படுக்கையில் ஒரு மலையாளி இருந்திருந்தால் நமக்கு மிஸ்ஸியம்மா கிடைத்திருப்பாளா? இப்படியே யோசித்து யோசித்துத்தான் வியாழக்கிழமை போனது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் எந்தப் படத்தைப் பார்த்தாலும் சுவரை எண்ணுகிற ஆள் என்பது தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். வீட்டில் இதற்குச் 'சுவர்ப் பைத்தியம்' என்று பேர். மேடைக் காதல் நாடகத்தை எடுக்க வருகிற டைரக்டர் முதலில் செய்வது சுவரை இடிப்பதுதான். கதாநாயகியைத் தோட்டத்துக்கு ஓட்டுவார், காரில் ஏற்றுவார், குளத்தில் தள்ளுவார். சுவர் போனதும் பொய்யும் போய்விடும். பொய் வாழ்வதற்கு ஒரு வீடு வேண்டும், அடுத்த அறையில் ஒட்டுக் கேட்க ஆள் வேண்டும், எந்த நேரமும் திறக்கக்கூடிய ஒரு கதவு வேண்டும். எல்.வி. பிரசாத் இது தெரிந்தவர். 'மிஸ்ஸியம்மா'வில் ஜெமினி கணேசனையும் சாவித்திரியையும் ஜமீன்தார் ரங்காராவ் கண்ணில் படுகிற தூரத்திலேயே குடிவைத்தார். சாவித்திரியின் மேரி கிறிஸ்துவப் பெண், ஜெமினி இந்து, தாலியும் இல்லை மோதிரமும் இல்லை. வெளியே வந்தால் தம்பதி, உள்ளே போனால் சண்டை. வாசற்படியைத் தாண்டும்போது சாவித்திரி முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டிக்கொள்வார், திரும்பி உள்ளே வரும்போது பிடுங்கி எறிவார். மேடையில் கடைசி வரிசைக்காரனுக்கு இது தெரிந்திருக்காது. கேமரா கொடுத்த வரம் இதுதான், குளமும் காரும் இல்லை.

இன்னொரு சாமர்த்தியம் இருக்கிறது. மேடையில் நடிகர் சபையைப் பார்த்துத் திரும்பி, மற்றவர் காதில் விழாத மாதிரி மனசிலுள்ளதைச் சொல்லுவார். திரையில் அப்படிக் கேமராவைப் பார்த்துப் பேசினால் அசட்டுத்தனமாக இருக்கும். அப்படியானால் இந்த இரண்டு பேரும் மனக்குறையை யாரிடம் சொல்வது? விஜயாக்காரர்கள் நிலாவைக் கூப்பிட்டார்கள். இரவில் இருவரும் நின்று, ஒருவரைப் பற்றி மற்றவர் நிலாவிடம் புகார் சொல்கிற பாட்டு. ஏ.எம். ராஜாவும் பி. லீலாவும் பாடியது, தமிழில் எழுதியவர் தஞ்சை ராமையாதாஸ். புகார் நிலாவுக்கு, ஆனால் விழ வேண்டிய காதில் விழுகிறது. தெலுங்குப் பாட்டில் நிலாவுக்கு என்ன பேர் தெரியுமா? சந்தமாமா. சக்கரபாணி தன் பத்திரிகையையே சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார்!

நான் இந்தப் படத்தை முதலில் பார்த்தது தோட்டத்துத் திடலில். இரண்டு மூங்கிலில் வெள்ளைத்துணி, ஒரே ஒரு மெஷின். ரீல் முடிந்தால் விளக்குப் போட்டு அடுத்த ரீலை மாட்டுவார்கள். அதற்குள் கச்சான் பொட்டலம் ஒரு சுற்று வரும். அன்றைக்குப் படம் காட்ட வந்தவர் என்ன அவசரத்தில் இருந்தாரோ, கடைசி ரீல்களில் ஒன்றை முன்னால் போட்டுவிட்டார். மேரிதான் ஜமீன்தாரின் தொலைந்துபோன மகள் என்பது பட்டென்று உடைந்துவிட்டது. கிராணி எழுந்து கத்தினார். பாயில் உட்கார்ந்திருந்த பெண்கள்தான் அவரை அடக்கினார்கள். "உட்காருங்க ஐயா, எங்களுக்கு அது எப்பவோ தெரியும்" என்றார் ஆயாக் கொட்டகைக் கிழவி. ரீலை மாற்றிப் போட்டு, விட்ட இடத்திலிருந்து ஓட்டினார்கள். ஒருத்தரும் எழுந்து போகவில்லை. துப்பறியும் படமாக இருந்திருந்தால் மெஷினே மிஞ்சியிருக்காது. காதல் கூத்தில் ரகசியம் நமக்கு முன்கூட்டியே தெரியும். தெரியாதவர்கள் படுகிற பாட்டைப் பார்க்கத்தானே உட்கார்ந்திருக்கிறோம்.

துப்பறிவது என்றதும் தங்கவேலு நினைவுக்கு வருகிறார்; 'மிஸ்ஸியம்மா'வில் அரைகுறைத் துப்பறிவாளன் அவர்தான். தெலுங்கில் அந்த வேஷத்தில் வந்தவர் நாகேஸ்வர ராவ். 'தேவதாஸ்' பார்த்து ஊரே அழுத பிறகு, சிரிக்க வைக்கும் வேஷம் வேண்டும் என்று விரும்பி ஏற்றுக்கொண்டார். பெரிய மனசுதான். ஆனாலும் தங்கவேலுதான் எனக்கு உசத்தி. நாகேஸ்வர ராவ் முகத்தில் 'நான் கதாநாயகன், விளையாட்டுக்கு வந்தேன்' என்பது எங்கோ தெரியும். தங்கவேலு அந்த வேலையை நிஜமாகவே நம்பினார்.

மேரியாக முதலில் நடித்தவர் பானுமதி என்பதையும் சொல்லிவிட வேண்டும். சில ரீல்கள் எடுத்த பிறகு, விரதத்துக்காகப் படப்பிடிப்புக்குத் தாமதமாக வந்ததில் அவருக்கும் சக்கரபாணிக்கும் முட்டிக்கொண்டது. மன்னிப்புக் கடிதம் கேட்டார்கள், அவர் தரவில்லை, வேஷம் கைமாறியது. அதே பானுமதிதான் எட்டு வருஷம் கழித்து 'அறிவாளி'யில், ஷேக்ஸ்பியரின் அடங்காப்பிடாரியாக, சிவாஜிக்கு எதிரே நின்றார். டைரக்டர் ஏ.டி. கிருஷ்ணசாமி. போன வாரச் 'சபாபதி'யிலும் டைரக்டர் பட்டியலில் இதே பேர் இருந்தது, கவனித்தீர்களா? 'அறிவாளி'க்குத் தனி வாரம் வேண்டும். 'மணல் கயிறு' முதலில், பிறகு 'அறிவாளி'. இல்லை, ஒருவேளை மாறியும் வரலாம்.

ஆசிரியர் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். அதற்குள் ஒரு வேண்டுகோள். சிகாமட், லாபீஸ், பூலோ காசாப், பத்து அன்னாம் பக்கத்துத் தோட்டங்களில் அந்தக் காலத்தில் ஓட்டிய படங்களின் நோட்டீஸ் யாரிடமாவது இருந்தால் அலுவலக முகவரிக்கு அனுப்புங்கள். பிரதி எடுத்துக்கொண்டு அடுத்த வாரமே திருப்பி அனுப்பிவிடுவேன்.