புதிய கேமிங் கணினிக்குப் பிராசஸர் வாங்குகிறீர்களா? பணம் கொடுக்கும் முன் கவனிக்க வேண்டியவை என்ன?

பெங்களூரு: பிள்ளைகள் கேமிங் கணினி கேட்கும் வீடுகளில் முதலில் எழும் பேச்சு விலையைப் பற்றியது. அடுத்து எழுவது, இன்டெல் பிராசஸரா, ஏஎம்டி பிராசஸரா என்ற கேள்வி. பல மாதச் சேமிப்பில் வாங்கப்படும் ஒரு கணினியில் பிராசஸர் தேர்வு பிழையானால், அதனுடன் மதர்போர்டு, ரேம் ஆகியவற்றையும் சேர்த்து மாற்ற நேரிடலாம். எனவே, நிறுவனப் பெயரைவிடத் தேவையை முன்வைத்து முடிவெடுப்பதே நல்லது.

பெங்களூருவின் ஜீவனஹள்ளி, காக்ஸ் டவுன், புலிகேசி நகர் பகுதிகளில் இருந்து கணினிப் பாகங்களைத் தேடிச் செல்வோருக்கு நன்கு அறிமுகமான சந்தை, எஸ்.பி. சாலை எனப்படும் சாதர் பத்ரப்பா சாலை. பிராசஸர், மதர்போர்டு, ரேம் மூன்றையும் சேர்த்து ஒரே விலை சொல்லும் முறை அங்கும் சென்னை ரிச்சி தெருவிலும் வழக்கமானது. அந்த ஒற்றை விலைக்குள் என்னென்ன அடங்கியுள்ளன என்பதை அறிந்து செல்பவரே லாபம் அடைகிறார்.

பெங்களூருவில் வடிவமைப்பு

பிராசஸர் உலகில் பெங்களூருவுக்குத் தனி இடம் உண்டு. 2008ஆம் ஆண்டு வெளியான, ஆறு கோர்கள் கொண்ட இன்டெல் ஜியான் 7400 வரிசை சர்வர் பிராசஸரின் வடிவமைப்பில் இன்டெல்லின் பெங்களூரு பொறியாளர்கள் முக்கியப் பங்காற்றினர். ஏஎம்டி நிறுவனம் இந்தியாவில் ஐந்து ஆண்டுகளில் 40 கோடி டாலர் முதலீடு செய்வதாக 2023 ஜூலையில் அறிவித்தது. அதே ஆண்டு நவம்பரில், 5 லட்சம் சதுர அடி பரப்பில் தனது மிகப்பெரிய வடிவமைப்பு மையத்தைப் பெங்களூருவில் திறந்தது. ஆயினும், இந்த நிறுவனங்களின் கேமிங் பிராசஸர்கள் வெளிநாட்டு ஆலைகளில் தயாராகி இறக்குமதி ஆவதால், டாலர் மதிப்பின் ஏற்ற இறக்கமும் 18 சதவீத ஜிஎஸ்டி வரியும் கடை விலையில் எதிரொலிக்கின்றன.

விளையாட்டில் பிராசஸரின் பணி என்ன?

திரையில் தோன்றும் காட்சியை வரைவது கிராபிக்ஸ் கார்டு. எதை வரைய வேண்டும் என்று கணக்கிட்டுச் சொல்வது பிராசஸர். எதிராளி எங்கே நிற்கிறார், குண்டு எங்கே பாய்கிறது, கதவு திறந்ததா என்பன போன்றவற்றை ஒவ்வொரு பிரேமுக்கும் அது கணக்கிடுகிறது. நொடிக்கு 60 பிரேம்கள் வேண்டுமெனில் ஒரு பிரேமுக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 16.7 மில்லி விநாடி. 144 பிரேம்கள் எனில் அது சுமார் 6.9 மில்லி விநாடியாகச் சுருங்கும்.

ஆகவே, வாலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 போன்ற போட்டி விளையாட்டுகளை 144 ஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேற்பட்ட திரையில் ஆடுபவர்களுக்கு வேகமான பிராசஸர் அவசியம். கதை சார்ந்த விளையாட்டுகளை 4கே திரையில் 60 பிரேம்களில் ஆடுபவர்களுக்குச் சுமை பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டின் மீதே விழுகிறது. அவர்கள் பிராசஸருக்காகக் கூடுதலாகச் செலவிடும் 10,000 ரூபாய், திரையில் பெரிய மாற்றத்தைத் தராமல் போகலாம்.

வீட்டில் ஏற்கெனவே கணினி இருந்தால் எளிய சோதனை ஒன்று உண்டு. விளையாட்டின் ரெசல்யூஷனைக் குறைத்துப் பார்க்க வேண்டும். பிரேம் எண்ணிக்கை நன்கு உயர்ந்தால் தடையாக இருந்தது கிராபிக்ஸ் கார்டு. ஏறக்குறைய மாறாமல் இருந்தால் தடை பெரும்பாலும் பிராசஸரில் உள்ளது.

'ஐ7' என்ற பெயர் போதுமா?

பயன்படுத்திய கணினிகளை விற்கும் இடங்களில் 'ஐ7 கேமிங் கணினி' என்ற வாசகத்தைக் காணலாம். ஐ7 என்பது அந்தத் தலைமுறைக்குள் ஒரு பிராசஸரின் தகுதியைக் காட்டும் குறி மட்டுமே. 2011இல் வெளியான கோர் ஐ7 2600, 2022இல் வெளியான கோர் ஐ3 12100 ஆகிய இரண்டிலும் 4 கோர்கள், 8 த்ரெட்கள் உள்ளன. எனினும், ஒவ்வொரு கோரும் செய்யும் வேலையில் புதிய ஐ3, பழைய ஐ7 பிராசஸரை வெகுவாக விஞ்சுகிறது. மேலும், விண்டோஸ் 11 ஆதரிக்கும் பிராசஸர்களின் பட்டியலில் பழைய ஐ7 2600 இடம்பெறவில்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவடைந்த நிலையில், இந்த வேறுபாடு முக்கியத்துவம் பெறுகிறது.

பெயரின் இறுதியில் வரும் எழுத்துகளுக்கும் பொருள் உண்டு. இன்டெல் பிராசஸரில் 'எஃப்' என்று இருந்தால் உள்ளமைந்த கிராபிக்ஸ் வசதி இல்லை என்று பொருள். தனி கிராபிக்ஸ் கார்டு வாங்குபவருக்கு அதனால் விலை குறையும். ஆனால், கார்டு பழுதானால் திரையில் எதுவும் தெரியாது. 'கே' என்று இருந்தால் வேகத்தைப் பயனர் கூட்டிக்கொள்ள இயலும். அதைச் செய்யும் எண்ணம் இல்லாதவர் அதற்காகவே கூடுதல் விலை தரத் தேவையில்லை.

கேச் நினைவகம் ஏன் முக்கியம்?

சமையலறையில் அஞ்சறைப் பெட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். மளிகை அலமாரிக்குச் சில அடிகள் நடக்க வேண்டும். பிராசஸருக்குக் கேச் நினைவகம் அஞ்சறைப் பெட்டியைப் போன்றது. ரேம், அலமாரியைப் போன்றது. அடிக்கடி தேவைப்படும் தரவு கேச்சிலேயே கிடைத்தால் காத்திருப்பு குறையும்.

ஏஎம்டியின் 'எக்ஸ்3டி' வரிசை இந்தக் கருத்தின் அடிப்படையில் உருவானது. ரைசன் 7 7700எக்ஸ், ரைசன் 7 7800எக்ஸ்3டி ஆகிய இரண்டும் 8 கோர் பிராசஸர்கள். முதலாவதின் உச்ச வேகம் 5.4 கிகாஹெர்ட்ஸ், எல்3 கேச் 32 எம்பி. இரண்டாவதின் உச்ச வேகம் 5 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே. ஆனால் எல்3 கேச் 96 எம்பி. வேகம் குறைவாக இருந்தும் பெரும்பாலான விளையாட்டுகளில் இரண்டாவதே முந்துகிறது. கிகாஹெர்ட்ஸ் எண்ணை மட்டும் பார்த்து வாங்குவது ஏன் தவறு என்பதற்கு இது சான்று. 2024 நவம்பரில் வெளியான ரைசன் 7 9800எக்ஸ்3டியும் இந்த வரிசையைச் சேர்ந்ததே. அதே சமயம், இவற்றின் விலை அதிகம். நடுத்தர கிராபிக்ஸ் கார்டுடன் இணைத்தால் இவற்றின் முழுப் பயன் வெளிப்படாது.

எத்தனை கோர்கள் வேண்டும்?

பெரும்பாலான இன்றைய விளையாட்டுகளுக்கு 6 கோர்கள், 12 த்ரெட்கள் கொண்ட பிராசஸர் நல்ல தொடக்கம். ரைசன் 5 5600, ரைசன் 5 7600, கோர் ஐ5 12400எஃப் ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. ஆடிக்கொண்டே நேரலை செய்பவர்கள், வீடியோ தொகுப்பில் ஈடுபடுபவர்கள், பொறியியல் மென்பொருள்களைப் பயன்படுத்தும் மாணவர்கள் ஆகியோருக்கு 8 அல்லது அதற்கு மேற்பட்ட கோர்கள் உதவும்.

சாக்கெட், ரேம் கணக்கு

பிராசஸர் பொருந்தும் சாக்கெட்டே வருங்காலச் செலவைத் தீர்மானிக்கிறது. 2017இல் முதல் ரைசன் பிராசஸர்களுடன் பரவலான ஏஎம்4 சாக்கெட்டில், 2022இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டியும் பொருந்தியது. பயாஸ் புதுப்பிப்புக்குப் பின் பழைய மதர்போர்டுகள் பலவும் அதை ஏற்றன. தற்போதைய ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027 மற்றும் அதற்குப் பின்னரும் ஆதரவு தொடரும் என ஏஎம்டி அறிவித்துள்ளது. இன்டெல்லின் எல்ஜிஏ 1700 சாக்கெட் 12, 13, 14ஆம் தலைமுறைகளுக்கு உரியது. 2024 அக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா 200எஸ் வரிசை, எல்ஜிஏ 1851 என்ற வேறு சாக்கெட்டுக்கு மாறியது.

ஏஎம்4 சாக்கெட் டிடிஆர்4 ரேமை மட்டுமே ஏற்கும். ஏஎம்5, எல்ஜிஏ 1851 ஆகியவற்றுக்கு டிடிஆர்5 தேவை. எல்ஜிஏ 1700 எனில், மதர்போர்டைப் பொறுத்து இரண்டில் ஒன்று பொருந்தும். செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவையால் 2025 இறுதியில் உலகெங்கும் ரேம் விலை கடுமையாக உயர்ந்தது. எனவே, பிராசஸரின் விலையைத் தனித்து ஒப்பிடாமல், பிராசஸர், மதர்போர்டு, ரேம் மூன்றின் மொத்த விலையை ஒப்பிட வேண்டும். பழைய கணினியில் நல்ல டிடிஆர்4 ரேம் இருப்பவர், அதைத் தொடர்ந்து பயன்படுத்தும் வழியையும் பரிசீலிக்கலாம்.

பயன்படுத்திய பிராசஸர்: எச்சரிக்கை தேவை

இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை மேசைக்கணினி பிராசஸர்களில், 65 வாட் மற்றும் அதற்கு மேற்பட்ட மாதிரிகள் பலவற்றில் நிலையற்ற தன்மை ஏற்படுவதை அந்நிறுவனம் 2024இல் உறுதி செய்தது. அளவுக்கு மீறிய மின்னழுத்தம் காலப்போக்கில் பிராசஸரைச் சிதைப்பதே காரணம் எனத் தெரிவிக்கப்பட்டது. பாதிக்கப்பட்ட கணினிகளில் விளையாட்டுகள் திடீரென நின்றன. சிலவற்றில் 'வீடியோ நினைவகம் போதவில்லை' என்ற செய்தி தோன்றியதால், பயனர்கள் கிராபிக்ஸ் கார்டைச் சந்தேகித்தனர்.

இதற்கான மைக்ரோகோடு திருத்தங்களை 2024 ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் வெளியிட்ட இன்டெல், பாதிப்புக்கு உரிய மாதிரிகளின் உத்தரவாதத்தை 2 ஆண்டுகள் நீட்டித்தது. பெட்டியில் வரும் பிராசஸர்களுக்கு இதனால் மொத்தம் 5 ஆண்டு உத்தரவாதம் கிடைக்கிறது. ஆனால், ஏற்கெனவே ஏற்பட்ட சேதத்தைத் திருத்தங்கள் சரிசெய்யாது. ஆகவே, இத்தலைமுறை பிராசஸரைப் பயன்படுத்திய நிலையில் வாங்குவோர், ரசீது, வரிசை எண், மீதமுள்ள உத்தரவாதம் ஆகியவற்றைச் சரிபார்ப்பது அவசியம். வாங்கியவுடன் மதர்போர்டின் பயாஸைப் புதுப்பிக்க வேண்டும்.

புதிய பிராசஸரிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பெட்டி இல்லாமல் விற்கப்படும் 'ட்ரே' வகை, விலை குறைவாகக் கிடைக்கலாம். அதற்கான உத்தரவாதத்தை வழக்கமாக விற்பவரே தர வேண்டும். குளிர்விக்கும் மின்விசிறியையும் தனியாக வாங்க வேண்டியிருக்கும்.

கடைக்குச் செல்லும் முன்

ஆட விரும்பும் விளையாட்டுகள், திரையின் ரெசல்யூஷன், அதன் ஹெர்ட்ஸ், மொத்தச் செலவு வரம்பு ஆகிய நான்கையும் தாளில் எழுதிக்கொள்வது உதவும். பொதுவாக, பிராசஸருக்கு ஆகும் தொகையைப் போல் ஏறத்தாழ இரு மடங்கைக் கிராபிக்ஸ் கார்டுக்கு ஒதுக்குவது கேமிங் கணினிக்கு ஏற்ற பங்கீடாகக் கருதப்படுகிறது. கடைக்காரர் தரும் விலைப்பட்டியலில் பிராசஸரின் முழு மாதிரி எண், பெட்டி வகையா ட்ரே வகையா, மதர்போர்டின் மாதிரி, ரேமின் வகை, ஒவ்வொன்றின் உத்தரவாதக் காலம் ஆகியவை தனித்தனியாக எழுதப்பட்டுள்ளனவா என்று பார்த்த பின்னரே முன்பணம் செலுத்த வேண்டும். ஜிஎஸ்டி எண்ணுடன் கூடிய ரசீதைப் பெற்றுப் பாதுகாத்தால், பின்னர் உத்தரவாதம் கோரும்போது அதுவே ஆதாரமாகும்.