கை எட்டும் தூரத்தில் லாரியின் ஆயுள்

பழைய லாரி வாங்குவோர் என்ஜினின் ஓசை, டயரின் தேய்மானம், ஆர்.சி. புத்தகம், எஃப்.சி. தேதி ஆகியவற்றைத் தவறாமல் பார்க்கின்றனர். இவை வண்டியின் இன்றைய நிலையைச் சொல்பவையே தவிர, வரும் ஆண்டுகளில் அது எத்தனை நாள் சாலையில் ஓடும், எத்தனை நாள் பட்டறையில் நிற்கும் என்பதைச் சொல்பவை அல்ல. அதைப் பெருமளவு தீர்மானிப்பது, தேயக்கூடிய ஒவ்வொரு பாகத்தையும் மெக்கானிக்கின் கையும் ஸ்பேனரும் எவ்வளவு எளிதாக எட்டுகின்றன என்பதாகும். பொறியியலார் இதனைப் பராமரிப்பு எளிமை என்று குறிப்பிட்டு, பழுதைச் சரிசெய்து வண்டியை மீண்டும் ஓடவிட ஆகும் சராசரி நேரத்தைக் கொண்டு அளக்கின்றனர். எளிதில் எட்டாத பாகம், பழுதாகி நிற்கும் வரை கவனிக்கப்படாமலே போவது பட்டறைகளில் அன்றாடம் காணும் உண்மை.

கேபினுக்கு அடியில் என்ஜின்

லாரியின் மொத்த நீளத்துக்குச் சட்டம் வரம்பு விதித்திருப்பதால், சரக்கு ஏற்றும் தளத்தை நீட்டுவதற்காக ஓட்டுநரின் இருக்கைக்கு அடியிலேயே என்ஜினை அமைக்கும் முறை பரவலாயிற்று. லாரி பாடி கட்டும் தொழிலுக்குப் பெயர்பெற்ற நாமக்கல்லில், நிறுவனத்திடமிருந்து என்ஜின் பொருத்திய சேசிஸ் மட்டும் வாங்கப்பட்டு, அதன்மேல் மரத்தாலும் இரும்புத் தகட்டாலும் கேபின் கட்டப்படுவது நெடுநாள் வழக்கம். அவ்வாறு நிலையாகக் கட்டிய கேபினில், ஓட்டுநருக்கும் கிளீனருக்கும் நடுவே உள்ள மூடியைத் திறந்துதான் என்ஜினை அணுக வேண்டும். வாங்குபவர் அந்த மூடி முழுமையாகத் திறக்கிறதா என்பதையும், பின்னாளில் சேர்த்த படுக்கைப் பலகையோ பெட்டியோ அதை மறிக்கிறதா என்பதையும் பார்த்தல் வேண்டும்.

முன்பக்கம் கவிழும் கேபினில் என்ஜினின் மேற்புறமும் இரு பக்கங்களும் ஒருசேர வெளிப்படுவதால் வேலை எளிதாகிறது. இத்தகைய கேபின்கள் பலவற்றைத் தூக்குவது கையால் இயக்கும் ஹைட்ராலிக் பம்ப். அடைபட்ட திரவத்தில் தரும் அழுத்தம் எல்லாப் புறமும் சமமாகப் பரவும் என்னும் பாஸ்கல் விதிப்படி, ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள பிஸ்டனில் தரும் விசை, இருபது சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள பிஸ்டனில் இருபது மடங்காகிறது. அதே திரவம் கசிந்தால் கேபின் கீழே விழக்கூடும் என்பதால், தூக்கிய கேபினைத் தாங்கும் இரும்புத் தாங்கியும் அதன் பூட்டும் ஹைட்ராலிக்கைவிட முக்கியமானவை. விலை பேசும் முன் கேபினை ஒருமுறை முழுமையாகக் கவிழ்த்துக் காட்டச் சொல்வது, பம்ப், பூட்டு, என்ஜின் ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் சோதிப்பதற்கு ஒப்பாகும்.

சேசிஸுக்கு அடியில்

கிங் பின், ஸ்பிரிங் பின், புரொப்பெல்லர் ஷாஃப்டின் ஜாயின்ட் ஆகியவற்றில் கிரீஸ் செலுத்தும் சிறு முனைகளான நிப்பிள்கள், வண்டி எப்படிப் பராமரிக்கப்பட்டது என்பதற்கு நேரடிச் சாட்சிகள். நிப்பிளைச் சுற்றிப் புதிய கிரீஸ் பிதுங்கியிருந்தால் கை எட்டியிருக்கிறது. பெயின்ட் பூசி மூடியிருந்தால் நெடுநாள் எட்டவில்லை. கூடுதலாகப் பொருத்திய டீசல் டேங்கும் கருவிப் பெட்டியும் பல நிப்பிள்களை மறைத்துவிடுவதுண்டு. கிளச் பிளேட் மாற்ற, நூறு கிலோவுக்கும் மேற்பட்ட கியர் பாக்ஸைக் கீழிறக்க வேண்டியிருப்பதால், பாடி கட்டும்போது அதன் வழியில் குறுக்குச் சட்டம் ஏதும் பற்றவைக்கப்பட்டிருந்தால் ஒரு நாள் வேலை மூன்று நாளாகும்.

காற்று பிரேக்கில் கவனம் இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது. கம்ப்ரசர் அழுத்திய காற்று குளிரும்போது அதிலுள்ள ஈரம் நீராகி டேங்கின் அடியில் தேங்கி, துருவையும் வால்வு அடைப்பையும் உண்டாக்குவதால், வடிகால் வால்வுகளைத் திறந்து நீரை வெளியேற்றுவது இன்றியமையாதது. அவ்வால்வுகள் கை எட்டாத இடத்தில் இருந்தால் அவ்வேலை நடக்காது. பின்சக்கரத்தின் பார்க்கிங் பிரேக் அறைக்குள் வலிமை மிக்க ஸ்பிரிங் ஒன்று அழுத்தப்பட்ட நிலையில் இருக்கிறது. காற்று இல்லாதபோது பிரேக்கை விடுவிக்க அதனைப் போல்ட் கொண்டு இழுத்துக் கட்ட வேண்டியிருப்பதால், அறையின் பின்புறம் தடையின்றி இருத்தல் அவசியம். அவ்வறையைப் பயிற்சியற்றவர் பிரிப்பது உயிருக்கே ஆபத்தாகும்.

புதிய தலைமுறை வண்டிகள்

2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 மாசுக் கட்டுப்பாட்டு விதிகளால், புகைக்குழாயில் நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்கும் அமைப்பும் கரித்துகள் வடிகட்டியும் சேர்ந்தன. 32.5 விழுக்காடு யூரியா கலந்த நீர்க்கரைசல் புகையில் தெளிக்கப்படுவதால், கசிவு இருக்கும் இடத்தில் வெண்ணிறப் படிகங்கள் தென்படும். கரைசல் டேங்கின் ஃபில்டர், வடிகட்டியின் இணைப்புகள், கோளாறைக் கணினியில் படிக்கும் சாக்கெட் ஆகியவை எளிதில் எட்டுகின்றனவா என்று பார்ப்பதுடன், பாடி வேலைக்காக மின்கம்பிகளுக்கு அருகே வெல்டிங் செய்த தடம் உண்டா என்பதையும் கவனித்தல் நன்று.

ஆகவே பழைய லாரி வாங்க விரும்புவோர், தம்முடன் ஒரு மெக்கானிக்கை அழைத்துச் சென்று, கேபினைக் கவிழ்க்கவும் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்கவும் அரை நாளை ஒதுக்க வேண்டும். அதற்கு இடம்தராத விற்பனையாளரிடம் வாங்காதிருப்பதே நலம். இன்று பார்க்க முடியாத பாகத்தை நாளை நடுச்சாலையில் பழுதுபார்ப்பது இன்னும் கடினம்.