போர்வை டிசைன் யாருக்குச் சொந்தம்?

சேர்வராயன் மலையில், ஏறக்குறைய 5,000 அடி உயரத்தில் இருக்கிறது ஏற்காடு. அங்கே மார்கழி இரவைப் போர்வை இல்லாமல் கழிக்க முடியாது. அடிவாரத்தில் சேலம், தறிகளின் ஊர். சற்று மேற்கே போனால் ஜமக்காளத்துக்குப் பேர்போன பவானி. வெட்டுத்துணிகளை ஒட்டுப்போட்டுப் போர்வை தைக்க இந்தப் பக்கம் துணிக்குப் பஞ்சமே இல்லை. பிறர் போட்ட டிசைனைப் பார்த்து அப்படியே தைத்து விற்கலாமா என்பதுதான் கேள்வி.

கட்டம், முக்கோணம், நட்சத்திரம், தையல் முறை இவையெல்லாம் பொதுச்சொத்து. ஆனால் ஒருவர் தம் கற்பனையில் அவற்றை அடுக்கி உருவாக்கும் அமைப்பு அவருடையது. 2001-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று இதைத்தான் சொன்னது. ஆங்கில அகரவரிசை கொண்ட போர்வைகள் பற்றிய வழக்கு அது. காப்பியடித்ததாகச் சொல்லப்பட்ட போர்வைகள் இந்தியாவிலிருந்து இறக்குமதியானவை. எழுத்துகள் யாருக்கும் சொந்தமில்லை, அவற்றை அடுக்கிய விதத்துக்கு உரிமை உண்டு என்றது நீதிமன்றம்.

நம் நாட்டில் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, காகிதத்தில் வரைந்த சொந்த ஓவியத்துக்குப் பதிவு செய்யாமலே உரிமை கிடைக்கிறது. வரைந்தவரின் ஆயுள் முழுவதும், அதற்குப் பின் 60 ஆண்டுகளும் அது நீடிக்கும். சிக்கல் 15-ஆம் பிரிவில் இருக்கிறது. பொருளில் ஏற்றுவதற்கான டிசைனைப் பதிவு செய்யாமல், உரிமையாளரோ அவர் அனுமதி பெற்றவரோ தொழில்முறையில் 50-க்கு மேல் உற்பத்தி செய்தால் பதிப்புரிமை போய்விடும். சோபா உறைத் துணி டிசைன்கள் பற்றிய மைக்ரோஃபைபர்ஸ் வழக்கில், 2009-இல் டெல்லி உயர்நீதிமன்றம் இப்படித்தான் பாதுகாப்பை மறுத்தது. 2000-ஆம் ஆண்டின் டிசைன் சட்டத்தில் பதிந்தால் 10 ஆண்டு உரிமை, மேலும் 5 ஆண்டு நீட்டிப்பு. ஆனால் டிசைனை வெளியே காட்டுவதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும்.

பாட்டன் காலத்து டிசைனுக்கு இந்த இரண்டும் உதவாது. பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அது காப்பது பெயரை. பட்டை பட்டையாக யாரும் நெய்யலாம், பவானி என்று சொல்லி விற்கக் கூடாது. 1985-ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் இன்னொரு வேலி. ஜமக்காளமும் கம்பளியும் அதன் பட்டியலில் இருக்கின்றன. அங்கே குறிப்பிட்ட வகைகளை விசைத்தறியில் நெய்யக் கூடாது.

வீட்டுக்குத் தைத்துப் போர்த்திக்கொள்வதற்குப் பெரும்பாலும் தடையில்லை. விற்பதானால், டிசைன் போட்டவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பேட்டர்ன் தாளைக் காசு கொடுத்து வாங்கியதாலேயே விற்கும் உரிமை வந்துவிடாது. டிசைன் உங்களுடையது என்றால், கடையில் தொங்கவிடுவதற்கு முன் பதிவு செய்துவிடுங்கள்.